தரையில் வரைந்த டாக்டர்: ஒரு குயின்ஸ் ஓவியமும் அதன் பின்னணியும்

2020 மே மாதக் கடைசியில், நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில் ஒரு கார் நிறுத்துமிடத்தை அடைத்துக்கொண்டு ஒரு முகம் வரையப்பட்டது. முகக்கவசம் போட்ட ஒரு டாக்டரின் முகம். பரப்பு 20,000 சதுர அடிக்குக் குறையாது. சென்னைக் கணக்கில் எட்டு கிரவுண்டைத் தாண்டும். பக்கத்தில் நின்று பார்த்தால் தார்த்தரையில் பெயிண்ட் திட்டுகள்தான் தெரியும். முகமாகத் தெரிய வேண்டுமென்றால் மேலேயிருந்து பார்க்க வேண்டும். நகரமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம் அது. அதனால் பெரும்பாலானோர் அந்த ஓவியத்தை வானிலிருந்து எடுத்த படங்களில்தான் பார்த்தார்கள். அதன் பெயர் 'சோமோஸ் லா லூஸ்'. ஸ்பானிய மொழியில் 'நாமே வெளிச்சம்' என்று அர்த்தம்.

இடம், ஃப்ளஷிங் மெடோஸ் கரோனா பூங்கா. குயின்ஸ் அருங்காட்சியகத்தின் பக்கம். நியூயார்க் போய்வந்த தமிழர்களுக்கு அடையாளம் சொல்வதானால், ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில், பெரிய எஃகு உலக உருண்டை நிற்கிறதே, அந்தப் பூங்கா. கரோனா என்பது அதை ஒட்டிய குடியிருப்புப் பகுதியின் பெயர். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அந்தப் பெயர்தான். 2020 வசந்த காலத்தில் இந்தப் பெயர்ப் பொருத்தத்தை வைத்துச் சிரிக்கும் நிலையில் அங்கே யாரும் இல்லை.

வரைந்தவர் ஹோர்ஹே ரோட்ரிகஸ் ஹெராடா. கியூபாவில் பிறந்து, சின்ன வயதிலேயே அமெரிக்கா வந்து, நியூஜெர்சியில் வளர்ந்தவர். பிரம்மாண்டமான முகங்களைத் தரையில் வரைவது அவருக்குப் பழகிய வேலை. 2008இல் பார்சிலோனாவில் ஒபாமா முகம். 2013இல் பெல்ஃபாஸ்டில் 11 ஏக்கரில் ஒரு சிறுமியின் முகம். 2014இல் வாஷிங்டனில் ஆறு ஏக்கரில், மண்ணும் மணலும் கொட்டி ஒரு இளைஞனின் முகம். வேலை நடக்கும் முறை நமக்கு அந்நியமானதல்ல. முதலில் தரையில் அளவெடுத்துப் புள்ளிகளைக் குறிக்க வேண்டும். வாஷிங்டனில் அதற்கு ஆயிரக்கணக்கில் மர முளைகள் அடித்தார்கள். பிறகு முளைக்கு முளை கயிறு கட்டி ஓரங்களைப் பிடித்து, அதற்குள் நிரப்ப வேண்டும். புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. மார்கழிக் கோலம் மறுநாள் இருக்காது என்று நமக்குத் தெரியும். அவருக்கும் அது தெரியும், வேண்டுமென்றே அப்படித்தான் வைத்துக்கொள்வார். 2002இல் பார்சிலோனாவுக்குக் குடிபெயர்ந்த பிறகு, தெருவில் இருக்கும் சாதாரண மனிதர்களின் முகங்களைக் கரிக்கட்டியால் சுவர்களில் பெரிது பெரிதாக வரைந்தார். மழையும் வெயிலும் அழித்துவிடும் என்று தெரிந்தே.

அவருடைய ஆரம்பகால வேலை ஒன்று இந்த விஷயத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க், நியூஜெர்சி ஓவியர்கள் சிலர் ராவோடு ராவாக விளம்பரப் பலகைகளை மாற்றி வரைந்துவிடுவார்கள். அவர்களில் இவரும் ஒருவர். கறுப்பினத்தவரும், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான லத்தீனோக்களும் இருக்கும் ஏழைப் பகுதிகளில்தான் சிகரெட், மது விளம்பரங்கள் வரிசையாக நிற்கும். அதில்தான் கை வைப்பார்கள். பொதுச் சுவரில் யார் எதைக் காட்டலாம், அந்தத் தெருவில் குடியிருக்கிறவர்களின் உடம்பை அது என்ன செய்கிறது என்ற கேள்வியோடுதான் அவர் கலைக்கே வந்தார். அந்த வழியில் வந்தவர் ஒரு டாக்டரை வரைந்ததில் ஆச்சரியம் இல்லை.

சரி, அந்த டாக்டர் யார்?

இடெல்ஃபோன்ஸோ டெக்கூ. டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த குழந்தை மருத்துவர். மன்ஹாட்டனின் வட கோடியில் வாஷிங்டன் ஹைட்ஸ் என்ற பகுதி இருக்கிறது. நியூயார்க்கில் டொமினிக்கன் மக்களின் தலைநகர் என்றே அதைச் சொல்லலாம். அங்கே பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். வயது 70. ஓய்வு பெறப் போகிற நேரத்தில் நகரத்தில் தொற்று பரவியது. வேலையை விடாமல் தொடர்ந்தார். கோவிட் அவரையும் கொண்டுபோனது. பெரிய ஆஸ்பத்திரியின் துறைத்தலைவரோ, தொலைக்காட்சியில் பேசுகிறவரோ அல்ல. பேட்டையில் கிளினிக் வைத்திருந்து, அம்மாவையும் பாட்டியையும் பெயர் சொல்லி விசாரிக்கிற வகை டாக்டர். இந்த மாதிரி டாக்டர்கள் போனால் ஒரு சேவை நின்றுபோவதோடு முடிவதில்லை. தாய்மொழியில் நோயைச் சொல்லிக்கொள்ள இருந்த ஒரு கதவும் மூடிவிடும்.

அமெரிக்காவில் அந்தக் கதவுகள் ஏற்கெனவே குறைவு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் லத்தீனோக்கள் 6.2 கோடிப் பேர், மொத்தத்தில் ஏறத்தாழ 19 சதவீதம். டாக்டர்களில் அவர்கள் பங்கு அதற்குச் சற்று முன்பு 6 சதவீதம் அளவில்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர்கள், நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள், சமையலறையில் நிற்பவர்கள், வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் பணிப்பெண்கள் என்று கீழே வர வர அவர்கள் எண்ணிக்கை ஏறும். 'லத்தீனோ சுகாதாரப் பணியாளர்' என்றதும் வெள்ளைக் கோட்டு மட்டும் கண்ணில் வந்தால், பாதிக்கு மேல் விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

அந்த மார்ச் மாதத்தில் குயின்ஸில் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் இந்த ஓவியம் ஏன் அங்கே, அப்போது வந்தது என்பது புரியும். பூங்காவுக்கு மேற்கே எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனை. 545 படுக்கைகள் கொண்ட அரசு ஆஸ்பத்திரி. சுற்றிலும் கரோனா, ஜாக்சன் ஹைட்ஸ், எல்ம்ஹர்ஸ்ட்; மெக்சிகோ, ஈக்வடார், கொலம்பியா, டொமினிக்கன் குடியரசு, வங்கதேசம், நேபாளம், திபெத் என்று உலகமே குடியிருக்கும் தெருக்கள். 2020 மார்ச் கடைசி வாரத்தில், 24 மணி நேரத்தில் அந்த ஒரே ஆஸ்பத்திரியில் 13 பேர் இறந்தார்கள். வாசலில் பரிசோதனைக்கு விடியற்காலையிலிருந்து வரிசை. பின்பக்கம் குளிர்பதன லாரி.

ஏப்ரல் 8ஆம் தேதி நகர நிர்வாகம் முதல்முறையாக இனவாரியாக மரணக் கணக்கை வெளியிட்டது. நகரத்தில் 29 சதவீதமாக இருக்கும் லத்தீனோக்கள், மரணங்களில் 34 சதவீதம். கறுப்பினத்தவர் 22 சதவீதம், மரணங்களில் 28. வித்தியாசம் சில புள்ளிகள்தானே என்று தோன்றலாம். ஆனால் நியூயார்க்கின் லத்தீனோ மக்கள் சராசரியில் இளவயதினர். வயதை வைத்துப் பார்த்தால் குறைவாக இறந்திருக்க வேண்டியவர்கள். வயதுக்கேற்பக் கணக்கைச் சரிசெய்தால் இடைவெளி இன்னும் பெரிதாகிறது.

காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். வீட்டிலிருந்து பார்க்கக்கூடிய வேலை அவர்களிடம் இல்லை. நாட்டின் அந்தக் கோடியில், சான்ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில், 2020 ஏப்ரலில் ஏறத்தாழ 3,000 பேரைப் பரிசோதித்தார்கள். தொற்று உறுதியானவர்களில் 95 சதவீதம் லத்தீனோக்கள். தொற்றுக்கு ஆளானவர்களில் 90 சதவீதம் பேர் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாதவர்கள். குயின்ஸிலும் இதே கதைதான்: நெருக்கமான வீடு, பல குடும்பங்களுக்கு ஒரு சமையலறை, காப்பீடு இல்லை, வேலைக்குப் போகாவிட்டால் வாடகை இல்லை. இதில் சுகாதாரப் பணியாளர்களுக்கு இரட்டை அடி. வேலையிலும் கிருமி, வீட்டுக்குத் திரும்பினால் தெருவிலும் கிருமி.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. ஓவியம் வரையப்பட்ட அதே பூங்காவுக்குள்தான் அமெரிக்க ஓபன் டென்னிஸ் நடக்கும் மைதானமும் இருக்கிறது. ஏப்ரலில் அங்கே நூற்றுக்கணக்கான படுக்கைகளோடு தற்காலிக ஆஸ்பத்திரி ஒன்றை நகர நிர்வாகம் திறந்தது. செலவு 5.2 கோடி டாலருக்கு மேல். மூடும்வரை சிகிச்சை பெற்றவர்கள் 79 பேர். பக்கத்தில் எல்ம்ஹர்ஸ்ட் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது, யாரை அனுப்பலாம், யாரை அனுப்பக்கூடாது என்ற விதிமுறைச் சிக்கலில் இங்கே படுக்கைகள் காலியாகக் கிடந்தன.

அந்தப் பூங்காவில், இந்தப் பின்னணியில்தான் முகம் வரையப்பட்டது. வரைய ஏற்பாடு செய்தவர்கள் மூன்று தரப்பு. ஒன்று, சோமோஸ் என்ற மருத்துவர் வலையமைப்பு. ரமோன் தாயாஹ் என்ற டொமினிக்கன் மருத்துவர் தொடங்கியது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் இருக்கும் நோயாளிகளைப் பார்க்கும் 2,000க்கும் மேற்பட்ட பேட்டை டாக்டர்கள் அதில் உண்டு. இரண்டாவது, மேக் த ரோட் நியூயார்க். குடியேறிய தொழிலாளர்களின் அமைப்பு. மூன்றாவது, குயின்ஸ் அருங்காட்சியகம். டாக்டர்கள், தொழிலாளர்கள், அருங்காட்சியகம். இந்தக் கூட்டணியைக் கவனியுங்கள். தொற்றுக் காலத்தில் உலகம் முழுக்க வரையப்பட்ட 'நன்றி' ஓவியங்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது ஓவியத்தின் அளவைவிட இந்தக் கூட்டணிதான்.

அந்த நன்றி ஓவியங்களை நினைத்துப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமில் ஒரு நர்ஸின் முகக்கவசத்தில் சூப்பர்மேன் முத்திரை. டென்வரில் ஒரு சுகாதாரப் பணியாளருக்கு முதுகில் இறக்கை, கையில் குத்துச்சண்டைக் கையுறை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆஸ்பத்திரிக்குத் தெரு ஓவியர் பாங்க்ஸி கொடுத்த படத்தில் ஒரு சிறுவன் பேட்மேனையும் ஸ்பைடர்மேனையும் கூடையில் போட்டுவிட்டு நர்ஸ் பொம்மையைப் பறக்கவிடுகிறான். 2021 மார்ச்சில் அது ஏலத்தில் கட்டணங்களோடு சேர்த்து 1.68 கோடி பவுண்டுக்குப் போய், பணம் சுகாதார நிதிக்குச் சேர்ந்தது. அந்த வகையில் நல்லதே. ஆனால் இந்தப் படங்களில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. எல்லாவற்றிலும் இருப்பவர் 'ஒரு நர்ஸ்'. பெயர் கிடையாது, ஊர் கிடையாது. அவருக்கு ஏதோ சக்தி இருக்கிறது. சக்தி இருப்பவருக்குக் கவச உடை எதற்கு, சம்பளத்தோடு விடுப்பு எதற்கு? நியூயார்க்கில் 2020 மார்ச் 27 முதல் தினமும் இரவு ஏழு மணிக்கு ஜன்னலைத் திறந்து கைதட்டினார்கள். அதே வாரங்களில்தான் நர்ஸ்கள் குப்பை போடும் பிளாஸ்டிக் பைகளை மேலங்கியாக மாட்டிக்கொண்டு வார்டில் நின்ற படங்கள் பத்திரிகையில் வந்தன. 'எங்களை ஹீரோ என்று சொல்லாதீர்கள், பாதுகாப்புக் கொடுங்கள்' என்று அவர்களில் பலர் சொன்னதற்கு அர்த்தம் இருந்தது.

டெக்கூவின் முகத்தில் இறக்கையும் இல்லை, முத்திரையும் இல்லை. இறந்துபோன ஒருவர், பெயரோடு. வெளியிலிருந்து வந்த நன்றியாக அது எனக்குத் தெரியவில்லை. சொந்த ஜனங்கள் செய்த துக்கம் என்றுதான் சொல்வேன். ஹெராடாவின் பழைய வேலையோடு ஒப்பிட்டாலும் இந்த வித்தியாசம் தெரியும். வாஷிங்டனில் அவர் வரைந்தது பல இளைஞர்களின் புகைப்படங்களைக் கலந்து உருவாக்கிய முகம். நிஜத்தில் அப்படி ஒருவர் கிடையாது. குயின்ஸில் அந்த உத்தி செல்லுபடியாகியிருக்காது. எண்ணிக்கையாக மட்டும் மாறிக்கொண்டிருந்த சாவுகளுக்கு நடுவே, தேவைப்பட்டது ஒரே ஒருவர்.

துக்கம் என்றேன். அதற்கு வழியில்லாமல் போனதுதான் அந்த மாதங்களின் பெரிய கொடுமை. கத்தோலிக்கரான பெரும்பான்மை லத்தீனோக் குடும்பங்களுக்குச் சாவு என்பது ஒரு நாள் காரியமல்ல. உடலை வைத்து இரவு முழுக்க விழித்திருப்பது, அப்புறம் ஒன்பது நாள் ஜெபம், சாப்பாடு, வருகிறவர்கள் போகிறவர்கள். எல்லாம் நின்றுபோனது. சொந்த ஊருக்கு உடலை அனுப்பவும் முடியவில்லை. மெக்சிகர்களில் பலர் வேறு வழியில்லாமல் தகனத்துக்குச் சம்மதித்தார்கள். 2020 ஜூலையில் புனித பேட்ரிக் பேராலயத்தில் 200க்கும் மேற்பட்ட அஸ்திக் கலசங்களை வைத்து வழிபாடு நடத்தி, அவற்றை மெக்சிகோவுக்கு விமானத்தில் அனுப்பினார்கள். அதற்கு ஏறத்தாழ ஆறு வாரம் முன்புதான் இந்த ஓவியம். பத்துப் பேர் கூடக் கூடாத நேரத்தில், கூடாமலே பார்க்கக்கூடிய ஒரு நினைவிடம் அது.

இதை ஏன் சுவரோவிய பாணியில் செய்தார்கள், ஒரு கல்வெட்டோ சிலையோ வைத்திருக்கலாமே என்றால், பதில் வரலாற்றில் இருக்கிறது. லத்தீனோக்களுக்குப் பொதுச் சுவர் ஒரு நூற்றாண்டு காலப் பழக்கம். மெக்சிகப் புரட்சிக்குப் பிறகு அரசே ஓவியர்களைக் கூப்பிட்டுச் சுவர்களைக் கொடுத்தது. அதிலும் மருத்துவம் அவர்களுக்குப் பிடித்த விஷயம். மெக்சிக ஓவியர் தியேகோ ரிவேரா 1932-33இல் டெட்ராய்ட்டில் வரைந்த தொழிற்சாலை ஓவியங்களில் ஒரு பலகை உண்டு: ஒரு டாக்டர் குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிறார், நர்ஸ் குழந்தையைப் பிடித்திருக்கிறார், முன்னால் குதிரையும் மாடும் ஆடும், பின்னால் மூன்று விஞ்ஞானிகள். இயேசு பிறந்த தொழுவத்தை ஞாபகப்படுத்துகிறது என்று அன்றைக்குப் பெரிய ரகளை. 1953இல் அவரே மெக்சிகோ நகரத்தில் லா ராசா மருத்துவமனைக்கு நாட்டின் மருத்துவ வரலாற்றை வரைந்தார். ஒரு பக்கம் பழங்குடி வைத்தியம், ஒரு பக்கம் நவீன வைத்தியம், நடுவில் பிரசவத்தைக் காக்கும் பூர்வீகத் தெய்வம். வைத்தியம் வேண்டும் என்று கேட்டு நிற்கும் மக்களும் அந்த ஓவியத்தில் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சுவரிலேயே ஆஸ்பத்திரிக்காகச் சண்டை போடுகிறவர்களை வரைந்தது, சூப்பர்மேன் முத்திரை போடுவதை நினைத்தே பார்க்காத ஒரு மரபு.

எல்லை தாண்டி வந்தபோது இந்த மரபுக்கு வரவேற்பு இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் இன்னொரு மெக்சிக ஓவியர் சிகேரோஸ் 1932இல் வரைந்த ஓவியத்தின் நடுவில், கழுகின் கீழே சிலுவையில் அறையப்பட்ட ஒரு பூர்வகுடி. சில ஆண்டுகளுக்குள் வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். மக்கள் திரும்பப் பார்க்க 2012 ஆகிவிட்டது. 1970 ஏப்ரல் 22இல் சான்டியாகோவில் மெக்சிக வம்சாவளியினர், பூங்கா தருவதாகச் சொன்ன இடத்தில் போலீஸ் நிலையம் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அந்த இடத்தைக் கைப்பற்றினார்கள். பாலத்தின் தூண்களில் ஓவியம் வரையத் தொடங்கினார்கள். அந்தச் சிகானோ பூங்கா இன்றைக்குத் தேசிய வரலாற்றுச் சின்னம்.

நியூயார்க்குக்கு இதன் சொந்த வடிவம் ஒன்று உண்டு: இரங்கல் சுவர். 1980களின் கடைசியிலும் 90களிலும் பிராங்க்ஸ், கிழக்கு ஹார்லம், புரூக்ளின் தெருக்களில் துப்பாக்கிக்கோ எய்ட்ஸுக்கோ ஒருவர் பலியானால், குடும்பமும் நண்பர்களும் காசு போட்டு ஸ்ப்ரே ஓவியரைக் கூப்பிட்டு, மூலைக்கடைச் சுவரில் முகத்தையும் பெயரையும் வரையச் சொல்வார்கள். கீழே மெழுகுவர்த்தி, பூ. போர்ட்டோரிக்கோ வம்சாவளி ஓவியர்கள் அந்தக் கலையில் பெயர் பெற்றவர்கள். பத்திரிகையில் இரங்கல் செய்தி வராதவர்களுக்கு அதுதான் இரங்கல் செய்தி. டெக்கூவின் முகத்தை நான் இந்த வரிசையில்தான் வைப்பேன். பெரிதாக்கி, சுவரிலிருந்து தரைக்கு இறக்கிய இரங்கல் சுவர்.

சுகாதாரப் பணியாளர்களின் கதைக்கும் இந்த நகரத்தில் ஒரு பின்கதை இருக்கிறது. 1970 ஜூலை 14 காலை, தெற்கு பிராங்க்ஸின் லிங்கன் மருத்துவமனையில் யங் லார்ட்ஸ் என்ற போர்ட்டோரிக்கோ இளைஞர் அமைப்பினர் உள்ளே புகுந்து ஒரு கட்டடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி ஊழியர்கள் சிலரும் அவர்களோடு இருந்தார்கள். 'கசாப்புக்கடை' என்று அந்த வட்டாரமே திட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி அது. ஒரு மாதம் முன்பு இதே இளைஞர்கள் கிழக்கு ஹார்லமில் நகர நிர்வாகத்தின் காசநோய் எக்ஸ்ரே வண்டியை ஓட்டிக்கொண்டு போய், தேவைப்பட்ட தெருவில் நிறுத்திப் பரிசோதனை நடத்தினார்கள். லிங்கனுக்குப் புதுக் கட்டடம் 1976இல் வந்தது. ஐம்பது ஆண்டு கழித்து, பேட்டை டாக்டர்கள் தேவாலயங்களில் கோவிட் பரிசோதனை முகாம் போட்டபோது, அவர்கள் செய்தது ஒன்றும் புதுசில்லை.

இனி ஓவியத்தின் மேல் சொல்லக்கூடிய குறைகள். இருக்கின்றன.

முதலாவது, தரையில் நிற்பவருக்கு அது தெரியாது. யாருக்காக வரைந்தார்களோ அவர்களே தலைக்கு மேல் யாரோ எடுத்த படத்தை நம்ப வேண்டியிருந்தது. இதில் ஒரு வேடிக்கையான பொருத்தமும் உண்டு. பக்கத்து அருங்காட்சியகத்துக்குள் 1964 உலகக் கண்காட்சிக்காகச் செய்த நியூயார்க் நகர மாதிரி ஒன்று இருக்கிறது: 9,335 சதுர அடியில் ஐந்து பெருநகரப் பகுதிகளும், வீடு வீடாக. பார்வையாளர்கள் சுற்றிலும் உயரத்தில் நடந்தபடி, விமானத்திலிருந்து பார்ப்பதுபோல் நகரத்தைப் பார்ப்பார்கள். நகரத் திட்டங்களை உயரத்திலிருந்து வகுத்து, பேட்டைகளின் நடுவே நெடுஞ்சாலை இழுத்த ராபர்ட் மோசஸின் யோசனை அது. உள்ளே, மனிதர்களே இல்லாத நகரம். வெளியே, அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக ஒரே ஒரு மனிதன். மேலிருந்து பார்க்கும் அதே பார்வை, காட்டுவது வேறு. இதை ஏற்பாட்டாளர்கள் யோசித்துச் செய்தார்களா, இடம் அப்படி அமைந்துவிட்டதா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தெருவில் நடக்கவே மக்கள் பயந்த நேரத்தில், செய்திப் படமாகப் போய்ச் சேர்வதற்கென்றே ஒரு ஓவியம் பிறந்ததில் தர்க்கம் இருக்கிறது. நேரில் பார்க்க முடியாதது அன்றைக்குக் குறையாகப் படவில்லை.

இரண்டாவது, தலைப்பு. 'சோமோஸ்' என்பது ஏற்பாடு செய்த மருத்துவர் அமைப்பின் பெயரும்கூட. அஞ்சலியில் அமைப்பின் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று யாராவது முகம் சுளித்தால், அதில் தப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் இறந்தவர்கள் அந்த டாக்டர்களின் சகாக்கள். அவர்களுடைய சாவு வீட்டில் அவர்கள் பெயர் இருப்பதைப் பெரிய குற்றமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவதுதான் கனமானது. வரைந்தது ஒரு டாக்டரை. இறந்தவர்களில் டாக்டர்கள் சிறுபான்மை. பத்திரிகையாளர்கள் ஒரு வருடம் முயன்று திரட்டிய கணக்கின்படி, தொற்றின் முதல் ஆண்டில் அமெரிக்காவில் 3,600க்கும் அதிகமான சுகாதாரப் பணியாளர்கள் இறந்தார்கள். இன விவரம் கிடைத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளையரல்லாதவர்கள். சம்பளம் குறைந்த, நோயாளியைத் தொட்டுத் தூக்கும் வேலையில் இருந்தவர்கள்தான் டாக்டர்களைவிட அதிகம் போனார்கள். ஆஸ்பத்திரியைவிட முதியோர் இல்லங்களில் சாவு கூடுதல். நர்ஸ்களில் பிலிப்பினோக்கள் 4 சதவீதம். 2020 செப்டம்பர் வரை இறந்த நர்ஸ்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. குயின்ஸிலேயே, உட்சைடு பகுதியில் ரூஸ்வெல்ட் அவென்யூவில், 2020 ஜூனில் பிலிப்பினோக்கள் தங்கள் பணியாளர்களுக்காக 'மபுஹாய்' என்ற சுவரோவியத்தை வரைந்தார்கள். அது நடந்து போகிறவர் கண் மட்டத்தில் வரையப்பட்டது.

லத்தீனோக்களிடையே அந்தக் கீழ்த்தட்டில் இருப்பவர்களில் ஒரு கூட்டத்தை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்: வீட்டுப் பராமரிப்புப் பணிப்பெண்கள். நியூயார்க்கில் இவர்களில் ஏறக்குறைய எல்லாருமே பெண்கள், மிகப் பலர் குடியேறியவர்கள். டொமினிக்கன் பெண்கள் நிறைய. நடக்க முடியாத முதியவரின் வீட்டிலேயே 24 மணி நேரம் தங்கிப் பார்க்கும் பணி ஒன்று உண்டு. 24 மணி நேரம் இருந்தாலும் 13 மணி நேரத்துக்குத்தான் சம்பளம். எட்டு மணி நேரம் தூங்குகிறார், மூன்று மணி நேரம் சாப்பிடுகிறார் என்று கணக்கு. இரவில் இரண்டு மணிக்கொரு தரம் நோயாளியைப் புரட்டிப் போட வேண்டியவருக்கு எட்டு மணி நேரத் தூக்கம் எங்கிருந்து வரும்? இந்த 13 மணி நேரக் கணக்குச் செல்லும் என்று மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2019 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மார்ச்சில் தொற்று வந்தபோது இந்தப் பெண்கள் பேருந்திலும் ரயிலிலும் ஒரு நோயாளி வீட்டிலிருந்து இன்னொரு நோயாளி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இரவு ஏழு மணிக் கைதட்டல் நடந்தபோது அவர்கள் யாரோ ஒரு பாட்டியின் வீட்டுக்குள் இருந்தார்கள். கைதட்டல் தங்களுக்கும் சேர்த்துத்தான் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்களோ.

ஒரு டாக்டரின் முகத்தால் இவர்களுக்காகவும் பேச முடியுமா? ஓரளவுக்குத்தான். டெக்கூ அவர்கள் பேட்டையின் ஆள், அவர்கள் பிள்ளைகளைப் பார்த்தவர். ஆனால் டாக்டருக்கு மரியாதை செய்வது எந்தச் சமூகத்துக்கும் சுலபம். மலம் துடைப்பவருக்கு 20,000 சதுர அடி கொடுக்க இன்னும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

ஓவியத்தோடு எதுவும் முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசின் நிவாரணத் தொகை, ஆவணமில்லாதவர்களுக்குக் கிடையாது. அவர்களை மணந்த குடிமக்களுக்கும் அப்போது கைக்கு வரவில்லை. ஜூனிலிருந்து குயின்ஸ் அருங்காட்சியகமே வட்டார அமைப்புகளோடு சேர்ந்து உணவு வழங்கும் இடமானது. ஓவியம் பார்க்க வருகிற இடத்தில் அரிசி, பீன்ஸ், காய்கறிக்கு வரிசை. அதே ஜூன் 18இல், சிறுவயதில் அமெரிக்கா வந்து தற்காலிக அனுமதியில் இருக்கும் இளைஞர்களின் பாதுகாப்பை ரத்து செய்த முறை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்களில் சுமார் 27,000 பேர் சுகாதாரத் துறையில் இருக்கிறார்கள், தொற்றின் நடுவே அவர்களை அனுப்பிவிடாதீர்கள் என்று அந்த இளைஞர்கள் தரப்பில் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லியிருந்தார்கள். 2021 மார்ச்சில் மேக் த ரோட் உள்ளிட்ட அமைப்புகளின் தொழிலாளர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஏப்ரலில் நியூயார்க் மாநிலம், நிவாரணம் கிடைக்காமல் விடப்பட்ட தொழிலாளர்களுக்கென்று 210 கோடி டாலர் ஒதுக்கியது. ஓவியம் வரைய ஏற்பாடு செய்தவர்களும் உண்ணாவிரதத்துக்கு ஆள் திரட்டியவர்களும் ஒரே ஆட்கள் என்பதால்தான் நான் அந்தக் கூட்டணியைக் கவனிக்கச் சொன்னேன். கைதட்டிவிட்டு ஜன்னலை மூடிக்கொள்கிறவர்கள் வரைந்த படமாக இருந்தால், கதை மே மாதத்தோடு நின்றிருக்கும்.

வீட்டுப் பராமரிப்புப் பெண்களின் 13 மணி நேரக் கணக்கு மட்டும் இந்தப் பட்டியலில் வரவில்லை. 2024 மார்ச்சில், 24 மணி நேரப் பணியை நிறுத்த வேண்டும் என்று கேட்டு, சீனப் பெண்களும் லத்தீனோப் பெண்களுமாக அவர்கள் நியூயார்க் நகர மன்றத்துக்கு வெளியே உண்ணாவிரதம் இருந்தார்கள். பலர் அறுபதைத் தாண்டியவர்கள்.